பிரெஞ்சு ரிவியராவுல ஒரு நாள் தனி யாட் எடுக்கப் போறீங்களா? விசாவுல இருந்து டீசல் வரைக்கும்

நீஸ், ஆன்டிப், கேன்ஸ், மொனாகோ, இந்த தெற்கு பிரான்ஸ் கடலோரப் பக்கம் போகும்போது குடும்பத்தோடயோ ஃப்ரெண்ட்ஸோடயோ ஒரு நாள் தனியா யாட் (சொகுசுப் படகு) எடுத்து கடல்ல சுத்தணும்னு நெனைக்கறவங்களுக்கு இது. நாங்க பெரியவங்க குழந்தைங்கன்னு ஒரு கூட்டமா போனோம், அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல மெயில் அனுப்பி, கொட்டேஷன் வாங்கி, அதுல பாதி புரியாம திரும்ப கேட்டு, மண்டை காஞ்சுதான் ஒரு வழியா முடிச்சோம். நெட்ல தேடினா நீலக் கடல் போட்டோ நிறைய வரும், ரேட் கேட்டா மெயில் பண்ணுங்கன்னு வரும், ஆனா டீசல் யாரு காசு, எந்த பேப்பர்ல கையெழுத்து போடறோம், கேப்டன் நெஜமாவே கேப்டனான்னு எப்படி பாக்கறது, இதெல்லாம் எனக்கு ஒரே இடத்துல கிடைக்கல. அதான் எழுதறேன்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். போட்டோட வாடகை ரேட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. அதுக்கு மேல வர்ற டீசல், வரி, கேப்டன் கூலி, டெபாசிட், இதுங்கதான் உங்க பட்ஜெட்டை தீர்மானிக்கும்.

1. முதல்ல விசா, அப்புறம்தான் போட்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருந்தா ஷெங்கன் விசா (பிரான்ஸ் மாதிரி பல ஐரோப்பிய நாடுகளுக்கு சேத்து ஒரே விசா) கண்டிப்பா வேணும். போற நாடுகள்ல எங்க அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் அப்ளை பண்ணணும், ரெண்டு நாட்டுல சரிசமமா தங்கினா முதல்ல இறங்கற நாடு. பிரான்ஸ்னா ஃபிரான்ஸ் விசாஸ் சைட்ல ஆன்லைன் ஃபார்ம் நிரப்பி, சென்னையில விஎஃப்எஸ் (விசா அப்ளிகேஷன் வாங்கற கம்பெனி) ஆபீஸ்ல அப்பாயின்ட்மென்ட் எடுத்து கொடுக்கறது.

ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 11 வயசு வரை 45 யூரோ, 6 வயசுக்கு கீழ இல்ல. இதுக்கு மேல விஎஃப்எஸ் சர்வீஸ் சார்ஜ் தனி. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், 15 நாளைக்கு குறைஞ்சா வாங்க மாட்டாங்க. பொதுவா 15 நாள்ல முடிவு வரும், கூடுதல் செக்கிங்னு போனா 45 நாள் வரை இழுக்கும். கோடை லீவுக்கு ஊரே கிளம்பும், ஏப்ரல் மே மாசத்துல சென்னையில அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறது பெரும்பாடு, அதனால ஜூன் டிரிப்னா பிப்ரவரி மார்ச்லயே வேலைய ஆரம்பிச்சிடுங்க.

பேப்பர்னு பாத்தா பாஸ்போர்ட் (திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் 3 மாசம் செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும்), குறைஞ்சது 30,000 யூரோ கவர் உள்ள டிராவல் இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன், ஆபீஸ் லீவ் லெட்டர், ஹோட்டல் புக்கிங், டிக்கெட் ரிசர்வேஷன், ஒரு கவர் லெட்டர். ஒரு நாள் போட் ட்ரிப்புக்கு விசா ஃபைல்ல தனியா எதுவும் வைக்க வேண்டாம், அது தங்குற இடம் கிடையாது. மொனாகோ போனாலும் தனி விசா தேவையில்ல, ஷெங்கன் விசாவே போதும். புதுச்சேரியில பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கற மாமா யாராவது கூட வந்தா அவரு இந்த செக்‌ஷனை தாண்டிப் போயிடலாம், நம்மள பாத்து சிரிச்சுக்கிட்டே.

இங்க ஒரு பொறி இருக்கு. ஜூலை ஆகஸ்ட்ல நல்ல போட் எல்லாம் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புக் ஆயிடும், போட்காரங்க 30ல இருந்து 50 சதவீதம் அட்வான்ஸ் கேப்பாங்க, விசா வராட்டி அந்தக் காசு போச்சு. அதனால விசா கையில வர்றதுக்கு முன்னாடி புக் பண்ணியே ஆகணும்னா, விசா மறுத்தா அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா, இல்ல வேற தேதிக்கு மாத்தலாமான்னு மெயில்ல எழுத்துல வாங்கிக்கோங்க. போன்ல ஓகே ஓகேன்னு சொன்னது கணக்குல வராது.

2. எந்த மாசம், எந்த நாள்

என் ஓட்டு ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் சூரியன் மறையும், கடல் தண்ணி குளிக்கற சூட்டுக்கு வந்திருக்கும், ஜூலை ஆகஸ்ட் விலையும் கூட்டமும் இருக்காது. மே மாசம் வெயில் நல்லா இருக்கும், தண்ணி மட்டும் 17, 18 டிகிரி. மெரினா தண்ணிக்கு பழகின ஒடம்பு அதுல இறங்கினா ஒரு நிமிஷம் மூச்சே வராது.

மே மாசம் கேன்ஸ் பட விழா, ஜூன் ஆரம்பத்துல மொனாகோ கார் ரேஸ் (2025 வரைக்கும் மே கடைசியில நடந்துச்சு), செப்டம்பர்ல கேன்ஸ் போட் கண்காட்சி, செப்டம்பர் கடைசியில மொனாகோ யாட் ஷோ. இந்த நாட்கள்ல துறைமுகத்துல இடமும் இருக்காது, ரேட்டும் எகிறும். தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்த நாலையும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. கிழமைனா செவ்வாய், புதன், வியாழன். சனி ஞாயிறு அங்க இருக்கறவங்க எல்லாரும் சொந்த போட்டை எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க.

இறங்கின மறுநாளே போட் வைக்காதீங்க, தூக்கக் கலக்கத்துல கடல் ஒத்துக்காது. ஏர்போர்ட்லயும் 2025 அக்டோபர்ல இருந்து கைரேகை, போட்டோ எடுக்கற புது என்ட்ரி சிஸ்டம் வந்திருக்கு, க்யூ எவ்ளோ நேரம்னு சொல்ல முடியாது. ட்ரிப்போட கடைசி நாள்லயும் வைக்காதீங்க, காத்து அடிச்சு கேன்சல் ஆனா தள்ளிப்போட அடுத்த நாள்னு ஒண்ணு கையில இருக்கணும்.

3. எங்க ஏறுறது

மூணு இடம் சொல்றேன்.

நீஸ்ல போர் லிம்ப்பியா துறைமுகம். ஏர்போர்ட்ல இருந்து டிராம் 2 நேரா இங்கயே வந்து நிக்கும், கார் தேவையே இல்ல. இங்கருந்து கிழக்கால போனா வில்ஃப்ராஞ்ச், கேப் ஃபெரா, போலியூ, எஸ், மொனாகோ. எல்லாமே பத்து நாட்டிகல் மைலுக்குள்ள (கடல் மைல், ஒண்ணு 1.85 கி.மீ.) அடங்கிடும்.

ஆன்டிப்ல போர் வோபான். ஐரோப்பாவோட பெரிய யாட் துறைமுகங்கள்ல ஒண்ணு. நீஸ்ல இருந்து டிஇஆர்னு சொல்ற உள்ளூர் ரயில்ல அரை மணி நேரம் மாதிரி, ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம். இங்கருந்து மேக்கால லெரின் தீவுகள் போக வசதி. பிரான்ஸ்ல ரயில் ஸ்ட்ரைக் சகஜம், முந்தின நாள் சாயங்காலமே ஆப்ல பாத்துட்டு மாற்று வழி யோசிச்சு வச்சுக்கோங்க, ஏன்னா நீங்க லேட்டா வந்தாலும் போட் நேரம் நீளாது.

கேன்ஸ்ல ஏறினா தீவு கண்ணுக்கு எதிர்லயே இருக்கு, ஆனா அதே போட்டுக்கு கேன்ஸ்ல ரேட் கொஞ்சம் கூட இருந்துச்சு, நான் பாத்த வரைக்கும்.

ஆன்டிப்ல துறைமுகம் ரொம்பப் பெருசு. 'போர் வோபான்ல பாக்கலாம்'னு மட்டும் சொன்னா காலையில ஒரு மணி நேரம் தேடுவீங்க. எந்த கேட், எந்த பான்டூன் (போட் கட்டற மிதக்கும் நடைமேடை), எந்த நம்பர் இடம், கூகுள் மேப் பின், எல்லாத்தையும் முந்தின நாளே வாட்ஸ்அப்ல வாங்குங்க.

4. எந்த சைஸ்

ஆறு பேருக்குள்ளன்னா 7, 8 மீட்டர் ஓப்பன் மோட்டார் போட் போதும். சீசன்ல ஒரு நாளைக்கு சுமார் 600ல இருந்து 1,000 யூரோ, கேப்டன் தனின்னா இன்னும் 250ல இருந்து 350. நிழல் கம்மி, டாய்லெட் இருக்காது இல்லன்னா பேருக்கு ஒண்ணு இருக்கும். வயசானவங்க, சின்னக் குழந்தைங்க இருந்தா இதுல எட்டு மணி நேரம் ஓட்டறது கஷ்டம்.

எட்டு பத்து பேர்னா 12ல இருந்து 15 மீட்டர். கேபின், டாய்லெட், குளிர்பெட்டி, கூரை எல்லாம் இருக்கும். 1,500ல இருந்து 3,500 வரைக்கும் எங்களுக்கு கொட்டேஷன் வந்துச்சு, போட் எந்த வருஷத்துதுன்றத பொறுத்து பெரிய வித்தியாசம். 20 மீட்டரைத் தாண்டினா கணக்கே வேற, பல ஆயிரம் யூரோ, அதுக்கு மேல செலவுக்குன்னு வாடகையில 20ல இருந்து 35 சதவீதம் முன்பணமா கட்டச் சொல்வாங்க, ஏபிஏன்னு பேரு, செலவு போக மீதி திருப்பித் தருவாங்க.

எவ்ளோ பெரிய போட்டா இருந்தாலும் சார்ட்டர்னா (இப்படி வாடகைக்கு எடுக்கறது) பொதுவா 12 பயணிகள்தான் உச்ச வரம்பு, கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். 'பதிமூணாவது ஆளை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு நம்ம ஊர் பழக்கத்துல கேக்காதீங்க, ஒத்துக்கற கேப்டன் இருந்தா அவர் போட்லயே ஏறாதீங்க.

நாமளே ஓட்டலாமான்னு கேட்டா, பிரான்ஸ்ல 6 குதிரைத்திறனுக்கு மேல இஞ்சின் இருந்தா போட் லைசென்ஸ் வேணும். கார் லைசென்ஸ் எடுபடாது. லைசென்ஸ் இல்லாம எடுக்கற குட்டி போட் கிடைக்கும்தான், அது மெதுவா ஊர்ந்து பக்கத்து வளைகுடா வரைக்கும் போகும், ஒரு ஜோடிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஜாலி, குடும்பத்துக்கு ஒத்து வராது.

5. கொட்டேஷன் வந்ததும் கேக்க வேண்டிய கேள்விங்க

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், அவசரமா தாண்டாதீங்க.

மொதல்ல வரி. ரேட் பக்கத்துல ஹெச்.டி.ன்னு போட்டிருந்தா வரி சேக்காதது, டி.டி.சி.ன்னா வரி சேத்தது. பிரான்ஸ்ல வரி 20 சதவீதம், அதனால 2,000னு நெனைச்சது 2,400 ஆயிடும். எல்லார்கிட்டயும் டி.டி.சி. ரேட் மட்டும் கேளுங்க, அப்பதான் ரெண்டு கொட்டேஷனை பக்கத்துல வச்சு பாக்க முடியும்.

அடுத்து டீசல். மலிவா தெரியற ரேட்ல பெரும்பாலும் டீசல் சேந்திருக்காது. கணக்கு இப்படி போடுங்க. ரெண்டு இஞ்சின் வச்ச 12 மீட்டர் போட் 20 நாட் வேகத்துல (மணிக்கு 20 நாட்டிகல் மைல்) மணிக்கு 80, 100 லிட்டர் குடிக்கும், துறைமுக பங்க்ல லிட்டர் ரெண்டு யூரோ அளவுல வச்சுக்கோங்க. ஆன்டிப்ல இருந்து லெரின் தீவு போய் வர்றதுக்கு இஞ்சின் ஓடற நேரம் ஒரு மணி கூட வராது, 200 யூரோவுக்குள்ள முடிஞ்சிடும். அதே போட்ல சான் த்ரோப்பே போகணும்னு ஆசைப்பட்டா ஒரு பக்கமே சுமார் 30 நாட்டிகல் மைல், போய் வர மூணு மணி நேரம் இஞ்சின் ஓடும், 500, 600 யூரோ டீசலுக்கு மட்டும், அதுக்கு மேல அந்த நாள்ல பாதி நேரம் காத்துல முடி பறக்க உக்காந்திருக்கறதுலயே போயிடும். டீசல் சேத்து ரேட் கொடுக்கறவங்ககிட்ட 'எந்த ரூட் வரைக்கும்'னு கேளுங்க, அவங்க சேத்தது பெரும்பாலும் பக்கத்து ரூட்டுக்கு மட்டும்தான் இருக்கும்.

டீசல் போடற நேரம் யாரு கணக்குன்னும் கேளுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பங்க் முன்னாடி போட் வரிசை கட்டி நிக்கும், அரை மணி நேரம் அங்கயே போகும், அது உங்க எட்டு மணி நேரத்துல இருந்துதான் கழியும்.

அப்புறம் வரிசையா: நேரம் எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரை, லேட் ஆனா எக்ஸ்ட்ரா எவ்ளோ, கேப்டன் கூலி சேந்திருக்கா, கடைசி க்ளீனிங் சார்ஜ் தனியா, டவல், தண்ணி, ஐஸ், ஸ்னார்க்கல் கண்ணாடி உண்டா, குழந்தை சைஸ் லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கு. மதியம் கரையோர ரெஸ்டாரன்ட்ல சாப்பிடப் போனா கேப்டன் சாப்பாடு யாரு பொறுப்புன்றது வரைக்கும் கேட்டுடுங்க, சின்ன விஷயம்தான், ஆனா அந்த ஊர் பீச் ரெஸ்டாரன்ட் பில்லை பாத்தா சின்ன விஷயம்னு தோணாது.

ஜெட் ஸ்கீ இருக்குன்னு போட்டிருந்தா மயங்காதீங்க, அதுக்கும் அங்க லைசென்ஸ் வேணும், இல்லன்னா கூடவே பயிற்சியாளர் இருக்கணும். உங்க டிராவல் இன்சூரன்ஸ்லயும் வாட்டர் ஸ்போர்ட்ஸ் விலக்கு இருக்கான்னு ஒரு கண்ணு பாருங்க.

6. கேப்டன் பேப்பர், போட் பேப்பர்

நம்ம ஊர்ல ஒயிட் போர்டு காரை டாக்ஸியா ஓட்டற மாதிரி அங்கயும் போட் ஓட்டறவங்க இருக்காங்க. சொந்த போட்டை ஆப்ல போட்டு, 'நானே கூட வந்து ஓட்டறேன், காசு கையில கொடுங்க'ன்னு சொல்றவங்க. காசு வாங்கிட்டு ஆள் ஏத்தணும்னா ஓட்டறவர்கிட்ட தொழில்முறை சான்றிதழ் இருக்கணும், இந்த சைஸ் போட்டுக்கு பொதுவா 'காபிட்டேன் 200'னு சொல்வாங்க. சாதாரண போட் லைசென்ஸ் அதுக்கு ஈடு கிடையாது. சான்றிதழ் காப்பி அனுப்புங்கன்னு கேளுங்க, ஒழுங்கான ஆளுங்க முகம் சுளிக்காம அனுப்பிடுவாங்க. இன்சூரன்ஸ் பேப்பர்லயும் சார்ட்டருக்கு கவர் இருக்கான்னு கேளுங்க, சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ்னா ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கையை விரிச்சிடலாம்.

இன்னொரு வகை சட்டப்படி சரியானது, ஆனா நாம கவனமா இருக்கணும். போட்டை மட்டும் தனியா வாடகைக்கு எடுத்து (பேப்பர்ல 'கோக் நூ'ன்னு இருக்கும்), கேப்டனை தனியா அமத்தறது. இதுல வாடகைதாரர் நீங்க, அதனால டெபாசிட் உங்க கார்டுல, கேப்டன் பாறையில உரசினாலும் முதல் கேள்வி உங்களைத்தான் கேப்பாங்க. கேப்டனோட தனியா ஒரு ஒப்பந்தமும் பில்லும் இருக்கணும், அவர் ஓட்டும்போது வர்ற சேதத்துக்கு யாரு பொறுப்புன்னு அதுல எழுதியிருக்கணும். பேப்பர் பிரெஞ்சுல மட்டும் வந்தா மொபைல்ல போட்டோ பிடிச்சு மொழிபெயர்த்தாவது படிங்க, துறைமுகத்துல வெயில்ல நின்னுக்கிட்டு குழந்தைங்க இழுக்க இழுக்க கையெழுத்து போடற வேலை வேண்டாம். பேப்பரை ஒரு வாரம் முன்னாடியே அனுப்பச் சொல்லுங்க. நாங்க பேசின ஒரு ஏஜென்ட் கடைசி வரைக்கும் 'வந்து பாத்துக்கலாம், வந்து பாத்துக்கலாம்'னே சொல்லிக்கிட்டிருந்தாரு, வேற இடம் பாத்துட்டோம்.

கேப்டனும் போட்டும் ஒரே கம்பெனி, ஒரே ஒப்பந்தம், ஒரே பில், இப்படி கிடைச்சா நூறு இருநூறு யூரோ கூடன்னாலும் அதையே எடுங்கன்னுதான் சொல்வேன்.

7. காசு அனுப்பறது

அட்வான்ஸை கார்டுல கட்ட லிங்க் அனுப்புவாங்க, இல்லன்னா பேங்க் டிரான்ஸ்ஃபர். கார்டுன்னா வெளிநாட்டு பரிவர்த்தனையை ஆப்ல ஆன் பண்ணி லிமிட் ஏத்தி வைங்க, பல கார்டுல 3.5 சதவீதம் வரைக்கும் மார்க்கப்பும் அதுக்கு ஜிஎஸ்டியும் போடுவாங்க, பெரிய தொகைக்கு இது தெரியும். இந்தியாவுல இருந்து பேங்க் டிரான்ஸ்ஃபர்னா ஏ2 ஃபார்ம் (வெளிநாட்டுக்கு காசு அனுப்ப நிரப்பறது), பான் கார்டு, இன்வாய்ஸ் காப்பி கேப்பாங்க. கிளைக்கு நேர்ல போக வேண்டி வந்தா ரெண்டு மூணு நாள் ஆகும், அட்வான்ஸ் கட்ட 48 மணி நேரம் டைம் கொடுத்திருந்தா இடிக்கும். முன்கூட்டியே டைம் கேட்டுக்கோங்க.

டிரான்ஸ்ஃபர் பண்றதுக்கு முன்னாடி அக்கவுன்ட் பேரும் ஒப்பந்தத்துல இருக்கற கம்பெனி பேரும் ஒண்ணான்னு பாருங்க. வேற நாட்டு அக்கவுன்ட், தனிநபர் பேர்ல அக்கவுன்ட்னு வந்தா நிறுத்திடுங்க.

டெபாசிட் தனி. ஏறுறதுக்கு முன்னாடி கார்டுல 1,500ல இருந்து 5,000 யூரோ வரைக்கும் பிளாக் பண்ணுவாங்க, போட் சைஸை பொறுத்து. டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு பல இடத்துல எடுக்க மாட்டாங்க, கிரெடிட் கார்டுதான், அதுவும் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டவர் பேர்லயே இருக்கணும். லிமிட் லட்சக்கணக்குல காலியா இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா அன்னைக்கு சாயங்காலம் ஹோட்டல்ல கார்டு தேய்க்கும்போது டிக்ளைன் ஆகும்.

மொத்த கணக்கு ஒரு மாதிரிக்கு, எட்டு பேர், 12 மீட்டர் போட்: வாடகை கேப்டனோட, வரியோட 1,800, டீசல் 200, சாப்பாடு 200, டிப்ஸ் 120. 2,320 யூரோ, தலைக்கு 290. யூரோ 100 ரூபாய்னு குறைச்சுப் போட்டாலே ஆளுக்கு 29,000 ரூபாய். இது கட்டுப்படியாகலன்னா கேன்ஸ்ல இருந்து சான்த் மார்கரித் தீவுக்கு பொது படகு போகுது, போய் வர ஆளுக்கு சுமார் 20 யூரோதான், அதே தண்ணி, அதே பைன் மரம். வெக்கப்படாம அதுல போங்க.

8. ரூட்டை சின்னதா வைங்க

எட்டு மணி நேரத்துல மூணு இடத்துல நங்கூரம் போட்டா போதும், அதுக்கு மேல போனா ஓட்டம்தான்.

மேக்கு ரூட்: காலை ஒன்பதரைக்கு ஆன்டிப்ல கிளம்பி, கேப் டான்டிப் முனையை சுத்தி, பத்தரைக்குள்ள லெரின் தீவுகள். சான்த் மார்கரித்தும் சான்த் ஓனராவும் பக்கம் பக்கம், நடுவுல இருக்கற கால்வாய் ஆழம் கம்மி, தண்ணி பச்சையும் நீலமுமா இருக்கும், மதியம் ஆனா போட் மேல போட்டா நெரிசல், அதனால சீக்கிரம் போய் இடம் பிடிக்கறது முக்கியம். சான்த் ஓனராவுல துறவிகள் மடம் இருக்கு, இறங்கிப் பாக்கணும்னா தோள், முட்டி மறையற மாதிரி துணி எடுத்துக்கோங்க. மூணு மணிக்கு திரும்பற வழியில கேப் டான்டிப் பக்கம் பில்லியனேர்ஸ் பேன்னு சொல்ற சின்ன வளைகுடாவுல ஒரு குளியல், அஞ்சரைக்கு துறைமுகம்.

கிழக்கு ரூட்: நீஸ்ல இருந்து வில்ஃப்ராஞ்ச், கேப் ஃபெரா சுத்தி போலியூ, அப்புறம் கேப் டாயில் பக்கத்துல மாலா பீச், மொனாகோவை கடல்ல இருந்தே பாத்துட்டு திரும்பறது. வயசானவங்க இருந்தா இதுதான் நல்லது. வில்ஃப்ராஞ்ச் வளைகுடாவை சுத்தி மலை, காத்து அவ்வளவா உள்ள வராது. ஆனா அங்க கரையை விட்டு கொஞ்சம் தள்ளினாலே ஆழம், நீச்சல் தெரியாதவங்க லைஃப் ஜாக்கெட் இல்லாம இறங்கக் கூடாது.

கரையில இருந்து 300 மீட்டருக்குள்ள 5 நாட் வேகம்தான் போகலாம், குளிக்கறவங்களுக்குன்னு மஞ்சள் மிதவை போட்டு ஒதுக்கின இடத்துக்குள்ள இஞ்சின் போட் போகவே கூடாது. 'இன்னும் கரைக்கு கிட்ட போங்க'ன்னு கேப்டனை நச்சரிக்காதீங்க, ஃபைன் அவருக்கு. நங்கூரமும் நெனைச்ச இடத்துல போட முடியாது, அடியில பொசிடோனியான்னு ஒரு கடல்புல் இருக்கு, அது பாதுகாக்கப்பட்டது, பெரிய யாட்டுங்க பல இடங்கள்ல அது மேல நங்கூரம் போடறதுக்கே தடை. சின்ன போட்காரங்களும் வெளிர் நிறத்துல தெரியற மணல் திட்டா பாத்துதான் போடுவாங்க. அதுக்கு ஒரு ரவுண்டு சுத்தினா பொறுமையா இருங்க.

9. முந்தின நாள் காத்தை பாருங்க

மழையை விட காத்துதான் பிரச்சனை. வானம் பளிச்சுன்னு இருக்கும், கடல் கொந்தளிக்கும். மெத்தியோ ஃபிரான்ஸோட (பிரான்ஸ் வானிலை மையம்) கடலோர அறிக்கையை முந்தின நாள் சாயங்காலம் பாருங்க. காத்தோட வேகத்தை அதுல ஃபோர்ஸ்னு நம்பர்ல சொல்வாங்க, ஃபோர்ஸ் 3 வரைக்கும் சுகம், 4னா சின்ன போட்ல குலுங்கும், 7ன்னு எச்சரிக்கை வந்தா யாரும் கெளம்ப மாட்டாங்க. மதியத்துக்கு மேல கடல் காத்து எழும்பறது வழக்கம், அதனால தூரமான இடத்தை காலையிலேயே முடிச்சிடணும்.

ஒப்பந்தத்துல மோசமான வானிலைன்னா என்ன அர்த்தம்னு படிங்க. பல இடத்துல கேப்டன் போக முடியாதுன்னு சொன்னாதான் ரீஃபண்ட் அல்லது வேற தேதி, மேகமூட்டமா இருக்கு, தூறல் போடுதுன்னு நீங்க வேண்டாம்னு சொன்னா காசு வராது. கடைசி முடிவு கேப்டனோடது, அதுல வாதாடாதீங்க.

10. பை, துணி, சாப்பாடு

சக்கரம் வச்ச பெட்டி வேண்டாம், துணிப்பை. ஏறும்போதே செருப்பைக் கழட்டி கூடையில போடச் சொல்வாங்க, நாள் பூரா வெறுங்கால்தான். பாஸ்போர்ட்டை தண்ணி புகாத கவர்ல கூட வச்சுக்கோங்க. தொப்பி, கண்ணாடி, ஒரு மெல்லிய ஜாக்கெட் (வேகமா போகும்போது ஜூலையிலயும் குளிரும்). சன் ஸ்கிரீன் க்ரீம் எடுங்க, எண்ணெய் மாதிரி இருக்கற ஸ்ப்ரே தேக்கு தளத்தை கறையாக்கும்னு திட்டு விழும். பெண்களுக்கு ஒண்ணு, நீஸ் பக்கம் பொது நீச்சல்குளத்துல டிரெஸ் ரூல்ஸ் இருக்கு, தனி போட்ல இருந்து கடல்ல இறங்க முழுக்கை ஸ்விம் சூட், லெகிங்ஸ் எது வேணா போடலாம். காட்டன் சுடிதார் மட்டும் வேண்டாம், நனைஞ்சா கனத்து இழுக்கும்.

குமட்டலுக்கு அவோமின் மாதிரி மாத்திரை, ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போங்க, குமட்ட ஆரம்பிச்ச அப்புறம் போட்டா பெருசா வேலை செய்யாது, ஏறுறதுக்கு முன்னாடியே போடணும். தூக்கம் வரும், குழந்தைங்களுக்கு அளவு வேற. கர்ப்பமா இருந்தா, முதுகு வலி இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க, வேகமா போகும்போது அலையில போட் தூக்கித் தூக்கி அடிக்கும்.

சாப்பாட்டுல சைவக்காரங்களுக்கு பொறி நிறைய. பான் பன்யான்னு பன்ல காய்கறியா தெரியறதுக்குள்ள டூனா மீன் இருக்கும், பிசாலாதியேர்னு வெங்காயம் போட்ட ரொட்டி மேல நெத்திலி மாதிரி மீன் இருக்கும். சோக்கா மட்டும் நம்பி வாங்கலாம், கடலைமாவு தோசைதான் அது, ஆனா சூடா சாப்பிடணும், போட்டுக்கு எடுத்துட்டுப் போனா ரப்பர். பழம், பாகெத், சீஸ், ஆலிவ் எல்லாம் காலையில மார்க்கெட்ல வாங்கிக்கலாம், நீஸ்ல கூர் சலேயா மார்க்கெட் திங்கக்கிழமை காய்கறி போடாது.

அப்பார்ட்மென்ட்ல தங்கியிருந்தா புளியோதரை கிளறி எடுத்துட்டுப் போலாமான்னு வீட்டுல ஒருத்தர் கேப்பாங்க. கெட்டுப் போகாது, அருமையான யோசனைதான், ஆனா போட் குஷன் எல்லாம் பாலுக்கு நிகரான வெள்ளை, மஞ்சளும் நல்லெண்ணெயும் பட்டா டெபாசிட்ல கை வைப்பாங்க. எடுத்துட்டுப் போனா பின்பக்க தளத்துல உக்காந்து சாப்பிடுங்க. ரெட் ஒயினுக்கும் இதே சட்டம்தான். குடிதண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், டேங்க் தண்ணியை குடிக்கக் கூடாது.

11. ஏறின அப்புறம்

கிளம்பறதுக்கு முன்னாடி கேப்டன் கூட போட்டை சுத்தி வந்து, ஏற்கனவே இருக்கற கீறல், கறை, கிழிசல் எல்லாத்தையும் வீடியோ எடுங்க. டீசல் மீட்டரையும் ஒரு போட்டோ. பாதுகாப்பு விளக்கம் கொடுக்கலன்னா கேளுங்க, லைஃப் ஜாக்கெட் எங்க, ரேடியோ எங்க. ஆபத்துன்னா ரேடியோவுல சேனல் 16, போன்ல 196, இது கடல் மீட்பு நம்பர்.

நீச்சல் தெரியாதவங்க யாருன்னு வாய்விட்டு சொல்லுங்க. ஒரு கயிறு கட்டின மிதவையை பின்னாடி விடச் சொன்னா அதைப் பிடிச்சுக்கிட்டே எல்லாரும் இறங்கலாம். இஞ்சின் முழுசா ஆஃப் ஆகி கேப்டன் சொன்ன அப்புறம்தான் ஏணியில கால் வைக்கணும். தண்ணியில ஊதா கலர்ல சின்ன ஜெல்லி மீன் சில நாள் கூட்டமா வரும், இறங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. பட்டுடுச்சுன்னா கடல் தண்ணியிலயே கழுவுங்க, நல்ல தண்ணி ஊத்தினா எரிச்சல் கூடும்.

டாய்லெட்ல டிஷ்யூ, நாப்கின் எதையும் போடாதீங்க, டாய்லெட் பேப்பர் கூட பக்கத்துல இருக்கற குப்பைக்கூடையிலதான். அடைச்சுக்கிட்டா ரிப்பேர் காசு உங்க தலையில.

12. திரும்பி வந்ததும்

இறங்கறதுக்கு முன்னாடி மறுபடி ஒரு வீடியோ, டீசல் பில்லோட போட்டோ, 'சேதம் எதுவும் இல்ல'ன்னு கேப்டன் கையெழுத்து, இல்ல வாட்ஸ்அப்ல ஒரு வரி. டிப்ஸ் கட்டாயம் இல்ல, பெரிய யாட்ல வாடகையில 5ல இருந்து 15 சதவீதம்னு பழக்கம், சின்ன போட்ல நல்லா பாத்துக்கிட்டா 50, 100 யூரோ கையில கொடுங்க.

டெபாசிட் பிளாக்கை அவங்க அன்னைக்கே விடுவிச்சாலும் நம்ம பேங்க்ல லிமிட் திரும்ப ஏற சில வாரம் கூட ஆகலாம். விடுவிச்ச மெயிலை கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. ஒரு மாசம் தாண்டியும் வரலன்னா அந்த மெயிலோட கார்டு கம்பெனிக்கு எழுதுங்க, போட்காரங்களைத் துரத்தி பிரயோஜனம் இல்ல.